அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கேரள எல்லைப் பக்கத்தில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டு எல்லையான கோபாலபுரம் சோதனைச்சாவடி வரைக்கும் சாலையோரக் கம்பங்களுக்கு ஓய்வே கிடையாது. பள்ளி விளம்பரம், பி.எட். விளம்பரம், நர்சிங், ஃபயர் அண்ட் சேஃப்டி, ஏதோ ஒரு டிப்ளமோ. பாதி மலையாளத்தில், பாதி தமிழில், சிலது இரண்டிலும் எழுத்துப்பிழையோடு. எல்லாவற்றிலும் ஒரு வரி மட்டும் மாறாது: 'அரசு அங்கீகாரம் பெற்றது'.

போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா அப்படி ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தார். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். டீச்சர் டிரெய்னிங்கில் சேர்க்க வேண்டும். "ஏந்தம்பி, இது கவர்மென்ட் அங்கீகாரம் இருக்கறதுதானுங்களே?" நான் எய்டட் பள்ளி ஒன்றில் பல வருடமாகக் கிளார்க். "இருக்கலாமுங்கக்கா, எதுக்கு இருக்குன்னு பாக்கணும்" என்றேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. நேராகக் கேட்டால் இவன் சுற்றி வளைக்கிறானே என்று நினைத்திருப்பார்.

தப்பு அக்காவுடையது இல்லை. 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லின் தலையில் நாம் ஆறேழு சுமையை ஏற்றி வைத்திருக்கிறோம். பள்ளி நடத்த அனுமதி கிடைத்தாலும் அங்கீகாரம், கல்லூரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தாலும் அங்கீகாரம், நல்ல கிரேடு வாங்கினாலும் அங்கீகாரம். யாராவது விருது வாங்கினால்கூட மலையாளப் பத்திரிகைக்கு அதுவும் அங்கீகாரம்தான். ஒவ்வொன்றும் வேறு காகிதம், வேறு அலுவலகம், வேறு பயன். அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து தொடங்கலாம்

பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி போகும் தனியார் பஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறும் யாரும் 'இந்த பஸ்ஸுக்கு அரசு அங்கீகாரம் உண்டா' என்று கேட்பதில்லை. ஏனென்றால் பஸ் விஷயத்தில் நமக்கு வேறுபாடு தெரியும். வண்டி யாருடையது என்று சொல்வது ஆர்.சி. புக். எந்த வழியில் ஓடலாம் என்று சொல்வது பெர்மிட். வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறதா என்பது எஃப்.சி. ஓட்டுபவருக்கு லைசென்ஸ். பின்கண்ணாடியில் 'சூப்பர் எக்ஸ்பிரஸ்' என்று எழுதியிருப்பது முதலாளியின் ஆசை.

இதில் ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று சொல்ல முடியாது. புத்தம்புது வண்டி, பக்காவான ஆர்.சி., ஆனால் பெர்மிட் இல்லை என்றால் ஆள் ஏற்றக் கூடாது. பெர்மிட்டும் ரூட்டுக்குத்தான். கேரள பெர்மிட்டை மட்டும் வைத்துக்கொண்டு கோபாலபுரம் தாண்டிப் போக முடியாது. அந்தப் பக்கத்து அதிகாரியும் மேலொப்பம் போட்டிருக்க வேண்டும்.

கல்வி நிறுவனங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். இந்த உவமை ஓரிடத்தில் மட்டும் காலை வாரிவிடும். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலில், ஏன் இத்தனை அலுவலகங்கள்?

அரசியல் சட்டத்தில் எந்த விஷயத்துக்கு யார் சட்டம் போடலாம் என்று மூன்று பட்டியல்கள் உண்டு. கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42வது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. பொதுப்பட்டியல் என்றால் மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் இயற்றலாம். முட்டிக்கொண்டால் பொதுவாக மத்தியச் சட்டம் நிற்கும். உயர்கல்வியின் தரத்தை நிர்ணயித்து ஒருங்கிணைப்பது மட்டும் முன்பிருந்தே மத்திய அரசின் கையில்.

ஆகவே ஒரே பி.எட். கல்லூரிக்குள் டெல்லியும் இருக்கிறது, திருவனந்தபுரமும் இருக்கிறது, நடுவில் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் படித்து அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் நம்மைப் போன்றவர்களுக்குச் சென்னையும் சேர்ந்துகொள்கிறது.

பள்ளிக்கூடம்: பதிவு வேறு, அங்கீகாரம் வேறு, இணைப்பு வேறு

ஒருவர் பள்ளி தொடங்க டிரஸ்ட் பதிவு செய்கிறார். இது ஆர்.சி. புக் மாதிரி. டிரஸ்ட் இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி, பள்ளி நடத்தலாம் என்பதற்கு இல்லை. பலகையில் பதிவு எண்ணைப் பெரிதாகப் போடுகிறவர்கள் பலருக்கு இது நன்றாகவே தெரியும்.

அடுத்து யுடைஸ் எண். நாட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் கொடுக்கப்படும் 11 இலக்க அடையாள எண் இது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: கேரளம் 32, தமிழ்நாடு 33. எங்கள் பக்கம் நடந்து போகும் தூரத்தில் 32இல் தொடங்கும் ஒரு பள்ளியும் 33இல் தொடங்கும் ஒரு பள்ளியும் பார்க்கலாம். ஆனால் இந்த எண் கணக்கெடுப்புக்கானது. அங்கீகாரம் இல்லாத பள்ளிகளும் அந்தக் கணக்கில் வரும். 'யுடைஸ் நம்பர் இருக்கே' என்பது ரேஷன் கார்டைக் காட்டி லைசென்ஸ் இருக்கிறது என்று சொல்வதைப் போல.

உண்மையான அங்கீகாரம் என்பது, குறிப்பிட்ட வகுப்பு வரை பள்ளி நடத்தலாம் என்று மாநிலக் கல்வித்துறை கொடுக்கும் அனுமதி. பெர்மிட். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 18வது பிரிவு, இது இல்லாமல் தனியார் பள்ளி நடத்தக் கூடாது என்கிறது. மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்கு மேலும் நடத்தினால் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வரை. 5ஆம் வகுப்பு வரை அங்கீகாரம் வாங்கிவிட்டு 7ஆம் வகுப்புக்கு பெஞ்சு போட்டிருந்தால், மேலே உள்ள இரண்டு வகுப்பும் பெர்மிட் இல்லாத ரூட்தான்.

இணைப்பு என்பது எந்தப் போர்டின் பாடத்திட்டத்தில் நடத்தி, எந்தப் போர்டின் தேர்வை எழுத வைக்கலாம் என்பது. சிபிஎஸ்இ பள்ளிக்கு அந்தப் போர்டின் இணைப்பு வேண்டும். முன்பு அதற்கு மாநில அரசின் தடையின்மைச் சான்றையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. 'சிபிஎஸ்இ பேட்டர்ன்' என்று பலகையில் பார்த்தால் அங்கேயே நின்று யோசியுங்கள். புத்தகம் அந்தப் போர்டுடையது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். இணைப்பு வாங்கியவர் 'பேட்டர்ன்' என்று ஏன் எழுதப் போகிறார்?

கேரளத்தில் இன்னொரு வகை உண்டு. எய்டட் பள்ளி. கட்டடமும் நிர்வாகமும் மேனேஜருடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. பள்ளிப் பெயரின் முதல் எழுத்தே ஜாதகத்தைச் சொல்லிவிடும். ஜி.எல்.பி.எஸ். என்றால் அரசு கீழ்நிலைத் தொடக்கப் பள்ளி, ஏ.யு.பி.எஸ். என்றால் எய்டட் மேல்நிலைத் தொடக்கப் பள்ளி. இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. ஆசிரியரை எடுப்பதும் அனுப்புவதும் மேனேஜரின் இஷ்டம் என்று இருந்த காலத்தில், ஜோசப் முண்டசேரி கல்வி அமைச்சராக இருந்தபோது 1957இல் கொண்டுவந்த கேரளக் கல்வி மசோதாவில் வந்தது அது. மசோதா உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்குப் போய், திருத்தப்பட்டு, 1959 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு எதிராகக் கிளம்பிய 'விமோசன சமரம்' என்ற போராட்டத்தின் முடிவில் அதே ஆண்டு ஜூலை 31இல் முதல்வர் இ.எம்.எஸ்.ஸின் அரசே கலைக்கப்பட்டது. பள்ளியை யார் மேற்பார்ப்பது என்ற கேள்வி ஓர் ஆட்சியின் முடிவுக்கு ஒரு காரணமாக இருந்த ஊர் இது. இன்றும் எய்டட் பள்ளியில் மேனேஜர் போட்ட நியமனத்தைக் கல்வித்துறை அதிகாரியான ஏ.இ.ஓ. அல்லது டி.இ.ஓ. ஒப்புக்கொண்டால்தான் சம்பளம். அதற்குப் பெயர் நியமன அங்கீகாரம். பார்த்தீர்களா, அந்தச் சொல் மறுபடி வந்துவிட்டது. அது வராமல் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் பாடம் நடத்திய டீச்சர்களின் ஃபைல் என் மேஜையிலேயே இருந்திருக்கிறது.

இதுவரை பார்த்தது: பதிவு என்பது நிறுவனம் இருக்கிறது என்பதற்கு. அங்கீகாரம் என்பது மாநிலம் கொடுக்கும் நடத்தும் அனுமதி. இணைப்பு என்பது போர்டோடு உள்ள உறவு. மூன்றும் மூன்று.

தமிழ் மீடியம் என்றால் தமிழ்நாடு சிலபஸ் இல்லை

எங்கள் பக்கத்தில் அதிகம் குழம்புவது இங்கேதான். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்துகளில் தமிழில் பாடம் நடக்கும் பள்ளிகள் உண்டு. பொள்ளாச்சியிலிருந்து பெண் கொடுத்த சம்பந்தி வீட்டார் கேட்பார்கள்: "அப்ப சமச்சீர்தானுங்களா?" இல்லை. பாடத்திட்டம் கேரளத்தினுடையது, புத்தகம் கேரளத்தின் எஸ்.சி.இ.ஆர்.டி. தமிழில் போட்டது, மேற்பார்வை பாலக்காடு மாவட்டச் சித்தூரின் உபஜில்லாக் கல்வி அலுவலகம். தமிழ் என்பது அங்கே பயிற்றுமொழி மட்டும்.

மூன்று விஷயத்தைக் கலக்காமல் வைத்துக்கொண்டால் போதும். பயிற்றுமொழி என்பது எந்த மொழியில் நடத்துகிறார்கள். பாடத்திட்டம் என்பது எதை நடத்துகிறார்கள். போர்டு என்பது யார் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள். சாம்பார் ஒன்றுதான், கிண்ணம் வேறு. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்ற 350ஏ பிரிவு, மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த அதே 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. அது கிண்ணத்தைப் பற்றியது.

எஸ்.எஸ்.எல்.சி. என்ற பெயர் இரண்டு மாநிலத்திலும் ஒன்றாக இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. இந்தப் பக்கத்துச் சான்றிதழைத் தருவது பரீட்சா பவன், அந்தப் பக்கத்ததை அரசுத் தேர்வுகள் இயக்ககம். இங்கே ஏ பிளஸ், அங்கே 500க்கு இத்தனை. என் மகன் ஃபுல் ஏ பிளஸ் வாங்கிய அன்று என் மாமா உடுமலையிலிருந்து போன் செய்து, "சரிடா, மார்க் எவ்வளவு?" என்றார். கடைசி வரை அவருக்குத் திருப்தி வரவில்லை.

மேற்பார்வை என்றால் இன்ஸ்பெக்ஷன் மட்டுமா?

'கவர்ன்மென்ட் மேற்பார்வை' என்றதும் பலருக்கு அதிகாரி ஜீப்பில் வந்து, கரும்பலகையைப் பார்த்து, குழந்தையிடம் வாய்ப்பாடு கேட்பதுதான் ஞாபகம் வரும். அது நடக்கிறது. ஆனால் பள்ளியின் கழுத்தைப் பிடிப்பது அது இல்லை. எண்ணிக்கைதான்.

கேரளத்தில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்து அந்த ஆண்டுக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று முடிவாகும். ஸ்டாஃப் ஃபிக்சேஷன் என்று சொல்வோம். கல்வி உரிமைச் சட்டக் கணக்கு 5ஆம் வகுப்பு வரை 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், 6 முதல் 8 வரை 35க்கு ஒருவர். எண்ணிக்கை குறைந்தால் ஒரு டிவிஷன், அதாவது வகுப்பின் ஒரு பிரிவு போகும், அதோடு ஒரு டீச்சரின் இடமும் போகும். 'டிவிஷன் ஃபால்' என்ற சொல்லைக் கேட்டால் எய்டட் பள்ளி ஸ்டாஃப் ரூமில் டீ ஆறிவிடும்.

அந்த நாளை நீங்கள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ஜூன் மழை. காலை ஒன்பதே முக்காலுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டில் நிற்கிறார். நான் மாணவர் விவரம் பதியும் 'சம்பூர்ணா' மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு நெட் வரக் காத்திருக்கிறேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பையனைக் காணோம். பாட்டி வீட்டுக்கு ஆனைமலை போயிருக்கிறான் என்று தகவல். டீச்சர் அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, "கண்ணு, அவனை எப்படியாவது கொண்டாந்து விட்ருங்க" என்று கெஞ்சுகிறார். பதினோரு மணிக்குத் தாத்தாவின் டிவிஎஸ்ஸில் நனைந்துகொண்டு வந்து இறங்கினான். அன்று அவன் தலைக்கு எவ்வளவு மதிப்பு என்று அவனுக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் இதே கணக்கு ஆகஸ்ட் 1 நிலவரப்படி. எண்ணிக்கை குறைந்த பள்ளியில் கூடுதலாக இருப்பவர் 'உபரி ஆசிரியர்', அவரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றுவது 'பணிநிரவல்'. சொல் வேறு, வயிற்றைக் கலக்குவது ஒன்றுதான்.

இந்தக் கணக்கால் கெடுதலும் உண்டு என்பது என் கருத்து. பாடம் எப்படி நடந்தது என்று அதிகாரி கேட்பதை விட, தலை எத்தனை என்று கேட்பதே அதிகம். அளக்கச் சுலபமாக இருப்பதை அளப்பது எல்லா அலுவலகத்துக்கும் உள்ள பழக்கம்.

டீச்சர் ஆவதற்கு நான்கு கதவு

இனி அக்காவின் நோட்டீஸுக்கு வருவோம். ஆசிரியர் பயிற்சியில் ஒரு கதவைத் திறந்ததும் வீட்டுக்குள் வந்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். நான்கு கதவு இருக்கிறது.

முதல் கதவு, பயிற்சி நிறுவனத்துக்கான அனுமதி. இதைத் தருவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், சுருக்கமாக என்சிடிஇ. 1973 முதல் ஆலோசனை சொல்லும் அமைப்பாக இருந்தது, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1995 முதல் அதிகாரம் உள்ள அமைப்பானது. கவனிக்க வேண்டியது, இது கல்லூரிக்கு மொத்தமாகத் தரும் ஆசீர்வாதம் கிடையாது. ஒரு படிப்புக்கு, இத்தனை இடங்களுக்கு என்று தருவது. பி.எட்.டுக்கு 50 பேர் கொண்ட ஒரு யூனிட் என்று கணக்கு. பி.எட்.டுக்கு உத்தரவு வாங்கிய கல்லூரி, அதே கட்டடத்தில் டி.எல்.எட். நடத்த வேண்டுமென்றால் அதற்குத் தனி உத்தரவு வேண்டும். டி.எல்.எட். என்பது தொடக்க வகுப்புகளுக்கான இரண்டு ஆண்டுப் பட்டயம். பழைய ஆட்கள் டி.டி.சி. என்பார்கள்.

இரண்டாவது கதவு, தேர்வு வைத்துச் சான்றிதழ் தருபவர். பி.எட்.டுக்குப் பல்கலைக்கழகம், தமிழ்நாட்டில் இதற்கென்றே ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008 முதல் இருக்கிறது. டி.எல்.எட்.டுக்கு மாநிலத் தேர்வுத்துறை. வரிசையும் முக்கியம். என்சிடிஇ அனுமதி வருவதற்கு முன்னால் பல்கலைக்கழகம் இணைப்புத் தரக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அனுமதி இல்லாத இடத்தில் படித்த படிப்பு வேலைக்குச் செல்லாது என்றும் இருக்கிறது. 'அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

மூன்றாவது, டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை நடத்த இது வேண்டும் என்று 2010இல் என்சிடிஇ அறிவித்தது. 150 கேள்வி, 60 சதவீதம், அதாவது 90 எடுத்தால் தேர்ச்சி. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மாநிலங்கள் தளர்வு தரலாம். தேர்ச்சி முதலில் 7 ஆண்டுதான் செல்லும் என்று இருந்தது, 2021இல் ஆயுள் முழுக்க என்று மாற்றினார்கள். சட்டத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர்களையும் இது விடவில்லை. ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தலை நரைத்த டீச்சர்கள் வாட்ஸ்அப்பில் கொஸ்டின் பேப்பர் தேட ஆரம்பித்தார்கள்.

நான்காவதுதான் வேலை. அரசுப் பள்ளியென்றால் கேரளத்தில் அரசுப் பணித் தேர்வாணையமான பி.எஸ்.சி., தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம். எய்டட் பள்ளியென்றால் மேனேஜர், அப்புறம் நியமன அங்கீகாரம். டெட் தேர்ச்சி என்பது பெண் பார்க்க வரலாம் என்ற சம்மதம் மாதிரி, கல்யாணம் வேறு.

இடையில் ஒரு பிடிவாதமான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 'பி.எட். பெரிய படிப்பு, அதை முடித்தால் சின்ன வகுப்புக்கும் போகலாம்.' அப்படி ஓர் அனுமதி 2018இல் வந்தது உண்மைதான். ஆனால் 2023 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் அது சரியில்லை என்று சொல்லிவிட்டது. 1 முதல் 5 வரை டி.எல்.எட். படித்தவர்களுக்கே. மேஸ்திரி பெரிய ஆள்தான், அதற்காகக் கதவு செய்ய அவரைக் கூப்பிட முடியுமா? ஆசாரியைத்தானே கூப்பிட வேண்டும்.

சுருக்கமாக: படிப்புக்கு அனுமதி என்சிடிஇ, சான்றிதழ் பல்கலைக்கழகம் அல்லது தேர்வுத்துறை, தகுதி டெட், வேலை நியமிப்பவர்.

எல்லை தாண்டும்போது உவமை உடைகிறது

பொள்ளாச்சியில் எடுத்த டிரைவிங் லைசென்ஸ் பாலக்காட்டிலும் செல்லும். டீச்சரின் டெட் அப்படி இல்லை. மாநில அரசுப் பள்ளிக்கு அந்தந்த மாநிலத்தின் டெட்தான் அடிப்படை. இங்கே கே-டெட், அங்கே டிஎன்டெட். சிபிஎஸ்இ நடத்தும் சி-டெட் முதன்மையாக மத்தியப் பள்ளிகளுக்கானது. கே-டெட்டில் நான்கு வகை, டிஎன்டெட்டில் இரண்டு தாள். ஒன்றில் தேர்ச்சி பெற்றுவிட்டு மற்றதில் காட்டலாம் என்று கிளம்பினால் சோதனைச்சாவடியிலேயே வண்டி நின்றுவிடும்.

பட்டங்களுக்கு இன்னொரு காகிதம்: இணைத்தன்மைச் சான்று. வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பட்டம் நம்முடைய இன்ன பட்டத்துக்குச் சமம் என்று இங்குள்ள பல்கலைக்கழகம் எழுதித் தருவது. பட்டம் உண்மையா பொய்யா என்பதை அது சொல்வதில்லை. சமமா என்பதை மட்டும்.

இதில் அடிபட்டவன் நான். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் டிகிரி எடுத்தேன். வேற்று மாநிலப் பல்கலைக்கழகம், உண்மையானதுதான். ஸ்டடி சென்டர் இங்கே ஒரு ஜவுளிக்கடையின் மாடியில். கீழே பட்டுப்புடவை, மேலே பொருளாதாரம். ஃபீஸ் கட்டினேன், பாஸும் ஆனேன். பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்காக இணைத்தன்மை கேட்டுப் போனபோதுதான் கவுன்டரில் இருந்தவர் கேட்டார்: "இந்த யுனிவர்சிட்டிக்கு இந்த ஜில்லாவில் சென்டர் வைக்க அதிகாரம் உண்டோ?" மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எல்லை உண்டு, அதன் மாநிலத்துக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லியிருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பஸ் நல்ல பஸ், டிரைவர் நல்ல டிரைவர், ரூட்தான் தப்பு. விண்ணப்பத் தேதி போய்விட்டது.

கல்லூரியும் பல்கலைக்கழகமும்

சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில் 1947இல் தொடங்கிய அரசுக் கல்லூரி இருக்கிறது. தமிழ் இலக்கியமும் அங்கே படிக்கலாம். கட்டடம் அரசுடையது, பேராசிரியர்கள் அரசு ஊழியர்கள். ஆனாலும் அந்தக் கல்லூரி தன் பெயரில் பட்டம் தர முடியாது. தருவது கோழிக்கோடு பல்கலைக்கழகம். பட்டம் தரும் உரிமை சட்டப்படி பல்கலைக்கழகத்துக்கும், அப்படித் தர அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும்தான் உண்டு. 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டம் இதில் கறாராக இருக்கிறது.

யுஜிசி என்பது பல்கலைக்கழக மானியக் குழு. பெயரில் மானியம் இருந்தாலும் தரத்தைப் பார்ப்பதும் அதன் வேலை. கல்லூரிப் பலகையில் '2எஃப், 12பி' என்று எழுதியிருப்பார்கள். 2எஃப் என்றால் யுஜிசியின் கல்லூரிப் பட்டியலில் பெயர் இருக்கிறது. 12பி என்றால் மத்திய நிதி பெறத் தகுதி. இவை இல்லாத கல்லூரியும் முறையாகப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தால் அதில் படித்து வாங்கும் பட்டம் செல்லும்.

தன்னாட்சிக் கல்லூரி என்பதைத் தனியார் கல்லூரி என்று நினைப்பவர்கள் ஏராளம். பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளலாம் என்ற சலுகைதான் தன்னாட்சி. அரசுக் கல்லூரியும் தன்னாட்சி பெறலாம். பட்டத்தில் அப்போதும் பல்கலைக்கழகத்தின் பெயர்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் வேறு: அது மத்திய அரசின் அறிவிப்பால் பல்கலைக்கழகத்துக்குச் சமமாகி, பட்டத்தைத் தானே தரும்.

தொழிற்படிப்புகளுக்குத் தனிக் காவலர்கள். பொறியியல், மேலாண்மைக்கு ஏஐசிடிஇ. 2024-25 முதல் பிபிஏ, பிசிஏவும் அதன் பார்வைக்குள் வந்துவிட்டன. சட்டத்துக்கு பார் கவுன்சில், மருத்துவத்துக்கு 2020 முதல் தேசிய மருத்துவ ஆணையம்.

அப்புறம் நாக். 1994இல் தொடங்கிய, பெங்களூருவைத் தலைமையகமாகக் கொண்ட அமைப்பு. கல்லூரியை ஆராய்ந்து ஏ பிளஸ் பிளஸ் முதல் கீழ்நோக்கி கிரேடு போட்டு வந்திருக்கிறது. இது தர மதிப்பீடு. நடத்த அனுமதி இல்லை. ஹோட்டலுக்கு லைசென்ஸ் இருப்பது வேறு, சாப்பிட்டவர்கள் நான்கு ஸ்டார் போடுவது வேறு. நாக் கிரேடு காலாவதியானதால் பட்டம் செல்லாமல் போய்விடாது. நல்ல கிரேடு இருப்பதால் அங்கே நேற்று தொடங்கிய படிப்புக்கும் அனுமதி இருக்கிறது என்றும் ஆகாது. ஐஎஸ்ஓ 9001 முத்திரையைச் சிலர் கூடவே ஒட்டியிருப்பார்கள். அது நிர்வாக நடைமுறைக்கான சான்று. பிஸ்கட் கம்பெனியும் வாங்கலாம்.

இத்தனை காவல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு சத்தீஸ்கர் கதையைச் சொல்வேன். 2002இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. தனியார் பல்கலைக்கழகத்தை அரசு அறிவிப்பிலேயே தொடங்கிவிடலாம். கொஞ்ச நாளில் 112 பல்கலைக்கழகங்கள். பலவற்றுக்குச் சொந்தக் கட்டடமே இல்லை. யுஜிசியின் முன்னாள் தலைவரான விஞ்ஞானி யஷ்பால் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டையே ரத்து செய்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் நடுத்தெருவில் நிற்காதபடி அந்த நிறுவனங்களை ஏற்கெனவே உள்ள அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்கவும் வழி சொன்னது. அந்த 112இலும் வாசலில் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று எழுதியிருந்தால், எழுதிய அன்று அது பொய்யும் இல்லை.

சரி, அக்காவின் நோட்டீஸ் என்ன ஆயிற்று?

அக்காவுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். எந்தப் படிப்புக்கு உத்தரவு? யார் கொடுத்தது, என்ன தேதி? எத்தனை இடம்? தேர்வு வைப்பது யார்? அந்த உத்தரவின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா?

முதல் போனில், "எல்லா அங்கீகாரமும் உண்டு சேச்சி, நேரில் வாங்க, பேசலாம்" என்றார்கள். அக்கா விடவில்லை, பஞ்சாயத்தில் தண்ணீர் கேட்டே பழகியவர். மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. என்சிடிஇ உத்தரவுதான், அசல்தான், 50 இடம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்து, பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். உத்தரவு பி.எட்.டுக்கு. நோட்டீஸில் போட்டிருந்தது டி.எல்.எட்.

நோட்டீஸ் நல்ல வழவழப்பான காகிதம், பின்பக்கம் வெள்ளை. அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. பால் கணக்கு எழுதுகிறார்.